சத்தம் கேட்கவில்லையா? ஸ்பீக்கரை நகர்த்திப் பாருங்கள்!

ஹெல்மெட்டில் மாட்டும் புளூடூத் ஹெட்செட், வண்டி ஓட்டுபவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள உதவும் இன்டர்காம் பற்றி வாசகர்கள் கேட்டவற்றில் சில, பதில்களுடன்.

எஸ்.கே., ஈரோடு: முழு முகம் மூடும் ஹெல்மெட்டில் புது ஹெட்செட் மாட்டியிருக்கிறேன். வீட்டில் வைத்துப் பார்த்தால் அலறுகிறது. பைபாஸில் 80-ஐத் தாண்டினால் ஒலியை முழுக்க ஏற்றியும் ஒன்றும் விளங்கவில்லை. செட் பழுதா?

பழுதாக இருக்காது. மாட்டிய இடத்தைச் சந்தேகப்படுங்கள். ஸ்பீக்கரைக் காது மடலின் நடுவுக்கு நேராக ஒட்டிவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. காதுத் துளை மடலின் முன் ஓரத்தில் இருக்கிறது. ஸ்பீக்கர் பின்னால் ஒரு செ.மீ. தள்ளிப் போனாலே வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

வண்டியை நிறுத்திவிட்டு ஒரு பாட்டை நடுத்தர ஒலியில் ஓடவிடுங்கள். ஹெல்மெட்டின் இரண்டு பக்கமும் உள்ளங்கையை வைத்துக் காதை நோக்கி அழுத்துங்கள். சட்டென்று சத்தம் கூடினால் ஸ்பீக்கர் காதைத் தொடாமல் எட்ட நிற்கிறது என்று அர்த்தம். பெட்டியோடு வரும் வட்டமான பஞ்சுத் தட்டு ஒன்றை அதன் பின்னால் வையுங்கள். அடுத்து, ஹெல்மெட்டையே மேலும் கீழும், முன்னும் பின்னுமாக அசையுங்கள். எந்தப் பக்கம் போகும்போது பாட்டு தெளிகிறதோ, ஸ்பீக்கரை வெல்க்ரோவிலிருந்து பிய்த்து அந்தப் பக்கம் ஒட்டுங்கள். இரண்டு காதுக்கும் தனித்தனியாகச் செய்யவேண்டும். பத்து நிமிட வேலை.

ஸ்பீக்கர் காதில் குத்தினால், இடம் உண்டாக்க உள்ளே இருக்கும் தெர்மோகோலைச் சுரண்டுவதோ விரலால் அழுத்திப் பள்ளமாக்குவதோ கூடவே கூடாது. விழும்போது நசுங்கி அடியை வாங்கிக்கொள்வது அந்தத் தெர்மோகோல்தான். காதுக் குழி இல்லாத ஹெல்மெட் என்றால் மெலிதான ஸ்பீக்கர் வாங்குங்கள், அல்லது ஹெல்மெட்டை மாற்றுங்கள்.

இன்னொன்று, காற்றிரைச்சல். 100 கி.மீ. வேகத்தில் நல்ல ஹெல்மெட்டுக்குள்ளேயே 95 டெசிபலை ஒட்டி இருக்கும். 85 டெசிபலை 8 மணி நேரம் தாங்கலாம் என்பது காது பாதுகாப்புக் கணக்கு. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 94 என்றால் 1 மணி நேரம், 97 என்றால் அரை மணி. அந்த இரைச்சலுக்கு மேல் பாட்டை ஏற்றினால் காது போகும். நெடுஞ்சாலையில் நுரையாலான காது அடைப்பான் போடுங்கள். விரலால் மெல்லியதாக உருட்டி, மறு கையால் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்துச் செருகி, அது உப்பும்வரை அரை நிமிடம் அழுத்திப் பிடிக்கவேண்டும். இரைச்சலும் பேச்சும் சேர்ந்தே குறையும். ஆனால் காது திணறாததால் பேச்சு முன்பைவிடத் தெளிவாகப் புரியும். ஊருக்குள் வந்ததும் கழற்றிவிடுங்கள்.

டி.வி., நாகர்கோவில்: 'ஐபி 67, முழு நீர்ப்புகா' என்று பெட்டியில் போட்டிருந்தது. ஐப்பசி மழையில் இரண்டு நாள் ஓட்டினேன், மூன்றாம் நாள் சார்ஜ் ஏறவில்லை. ஏமாற்று வேலையா?

அந்த எண்ணைப் பிரித்துப் படிக்கவேண்டும். 6 என்பது தூசி அறவே புகாது என்பது. 7 என்பது 1 மீட்டர் ஆழத்தில், அசையாத தண்ணீரில், 30 நிமிடம் தாங்கும் என்பது. பீய்ச்சி அடிக்கும் தண்ணீருக்குச் சோதனையே வேறு, அதற்கு 5, 6 என்ற எண்கள் உண்டு. வாட்டர் வாஷ் கடையில் ஹெல்மெட்டையும் சேர்த்துப் பைப்பால் அடிப்பவர்களுக்கு 67 எந்த உத்தரவாதமும் தராது.

சோதனை நடப்பது சார்ஜ் துளையின் ரப்பர் மூடியை முழுக்க அழுத்தி மூடிய நிலையில். உங்கள் செட்டில் மூடியின் விளிம்பில் மணலோ முடியோ சிக்கியிருக்கிறதா, ஒரு மூலை எழும்பி நிற்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். மழைக்குள் பவர் பேங்க் செருகிக்கொண்டு ஓட்டியிருந்தால் அந்த நேரத்தில் நீர்ப்புகா என்ற பேச்சே இல்லை.

சார்ஜ் ஏறாததற்கு இதைவிடச் சாதாரணமான காரணம், நனைந்து வந்த இரவே செருகியது. ஈரமான பின்களில் மின்சாரம் பாய்ந்தால் உலோகம் அரித்துப் பச்சை பூக்கும். மழையில் வந்தால் செட்டை ஹெல்மெட்டிலிருந்து கழற்றித் துடைத்து, மூடியைத் திறந்து, துளை தரையைப் பார்க்க வைத்து, ஃபேன் காற்றில் இரவு முழுக்க விட்டுவிடுங்கள். காலையில் சார்ஜ் போடலாம். ஹேர் டிரையர் வேண்டாம். அரிசி டப்பாவுக்குள் புதைப்பதும் வேண்டாம், தவிடுதான் துளைக்குள் போகும்.

மழையில் உங்கள் குரல் எதிராளிக்குக் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் கேட்டால், மைக்கின் பஞ்சு உறை நனைந்திருக்கிறது. கழற்றிப் பிழிந்து மாட்டுங்கள். கைவசம் ஒரு மாற்று உறை இருப்பது நல்லது.

ஒரு வாசகி, வேலூர்: செட்டை மாட்டும் கிளிப் ஹெல்மெட் விளிம்பில் நுழையவில்லை என்பதால் டேப்பில் ஒட்டினேன். வெயிலில் வண்டியை நிறுத்திவிட்டு வந்து பார்த்தால் செட் கீழே கிடந்தது.

ஒட்டிய உடனே மாட்டி ஓட்டியிருப்பீர்கள். நல்ல இரட்டைப் பக்க நுரை டேப் முழுப் பிடிப்புக்கு வர 72 மணி நேரம் ஆகும். முதல் நாளே செட்டின் எடையை ஏற்றினால் சித்திரை வெயிலில் பசை இளகி நழுவும். ஒட்டும் இடத்தைச் சோப்புத் தண்ணீரால் துடைத்து, முழுக்கக் காயவிட்டு, செட்டைத் தாங்கும் தட்டை ஒட்டி அரை நிமிடம் அழுத்தி, மூன்று நாள் சும்மா விடுங்கள். பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக்காலான ஹெல்மெட் ஓட்டில் தின்னர், பெட்ரோல் படக்கூடாது. கண்ணுக்குத் தெரியாமல் விரிசல் விடும். உடனடிப் பசையும் வேண்டாம். ஓட்டில் துளை போட்டுத் திருகுவது ஹெல்மெட்டைக் கொல்வதற்குச் சமம். அதன்பிறகு ஐஎஸ்ஐ முத்திரைக்கு அர்த்தமில்லை.

இடது பக்கத்திலேயே ஒட்டுங்கள். வலது கை ஆக்சிலேட்டரில் இருக்கும். நிறுத்தும்போது செட்டைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொள்ளுங்கள்: பேட்டரிக்கும் நல்லது, திருடனுக்கும் வேலை இல்லை. சூடேறிய செட்டை ஆறவிட்டே சார்ஜ் போடவேண்டும். 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் போடுவது லித்தியம் பேட்டரிக்குக் கெடுதல்.

ஆர்.பி., நாமக்கல்: நான்கு பேர் கொல்லிமலை போனோம். பாதி வளைவுகளிலேயே இணைப்பு அறுந்துபோனது. இரண்டு பேர் ஒரு கம்பெனி, இரண்டு பேர் வேறு கம்பெனி.

இரண்டு சிக்கல் சேர்ந்துவிட்டது. புளூடூத் இன்டர்காம் சங்கிலிபோல. முதலாமவரோடு இரண்டாமவர், அவரோடு மூன்றாமவர். நடுவில் ஒருவர் டீக்கு ஒதுங்கினால் இரண்டு பக்கமும் துண்டாகும். மெஷ் வகை அப்படியல்ல, ஒருவர் விலகினால் மற்றவர்கள் வழியாக வழி தேடிக்கொள்ளும். நான்கு பேருக்கு மேல் அடிக்கடி போகிறவர்கள் மெஷ் வாங்குவதே சரி. ஆனால் மெஷ் பொதுவாக அந்தந்தக் கம்பெனிக்குள்தான் பேசும். வேறு கம்பெனியோடு இணைக்கும் வழி, உங்கள் செட் ஒரு போன் என்று எதிர் செட்டை நம்பவைப்பது. அப்போது போனுக்கான இடம் ஒன்று போய்விடும். மேப் குரலும் பாட்டும் முரண்டு பிடிப்பது இதனால்தான்.

மலையில் எதுவானாலும் குறையும். இவை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை, பாறையைத் துளைக்காது. பெட்டியில் போட்டிருக்கும் கி.மீ. கணக்கு எதிரே மறைப்பில்லாத வெட்டவெளிக்கு. 70 கொண்டை ஊசி வளைவுள்ள சாலையில் முன்வண்டி அடுத்த வளைவுக்குள் மறையுமுன் நீங்கள் இந்த வளைவில் இருந்தால் போதும், அதற்குமேல் இடைவெளி விடாதீர்கள். பேச்சு தானாகத் திறக்கும் குரலுணர் வசதியை அணைத்துவிடுங்கள், வைசரைத் தூக்கினாலே காற்றைப் பேச்சென்று நினைத்துத் திறந்துகொள்ளும்.

எம்.ஏ., சென்னை: உணவு டெலிவரி செய்கிறேன். ₹2,000-க்குள் வழி சொல்லும் குரல் மட்டும் கேட்டால் போதும். இயர்பட் போதாதா?

ஹெல்மெட்டைப் போட்டுக் கழற்றும்போது இயர்பட் தெறித்துச் சாக்கடையில் விழும், நீங்கள் வண்டியிலிருந்து விழுந்தால் காதுக்குள் அழுத்தவும் செய்யும். இன்டர்காம் இல்லாத, போனோடு மட்டும் இணையும் சாதாரண ஹெல்மெட் ஹெட்செட் உங்களுக்குப் போதும். மூன்றைப் பாருங்கள்: கையுறையோடு அழுத்தத் தெரியும் பெரிய பட்டன், மூடியுள்ள சி வகைத் துளை, கழற்றி மாட்டும் ஒயர். வழி சொல்லும் குரலுக்கு ஒரு காது போதும் என்பதால் வலப்பக்க ஸ்பீக்கரை மாட்டாமல் விட்டுவிடலாம். சில மலிவு செட்டுகள் இரு முனையும் சி உள்ள கேபிளில் சார்ஜ் ஏறாது. பழுது என்று திருப்பித் தருவதற்கு முன் ஒரு முனை சி, மறுமுனை பழைய பட்டையான யுஎஸ்பி உள்ள கேபிளில் போட்டுப் பாருங்கள்.

ஜே.எல்., கோவை: ஜூனில் லடாக் போகிறோம். குளிருக்குத் தாங்குமா?

ஓடும், ஆனால் பேட்டரி சீக்கிரம் இறங்கும். பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் மட்டும் போடாதீர்கள், பேட்டரியின் கொள்ளளவு நிரந்தரமாகக் குறையும். இரவில் தூங்கும் பைக்குள் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். வெளியிலிருந்து சூடான அறைக்குள் கொண்டுவந்ததும் செட்டின்மேல் வியர்த்திருக்கும். அது காயும்வரை மூடியைத் திறக்கவேண்டாம். முகத்துணி போடுவதாக இருந்தால், அதைப் போட்டுக்கொண்டே ஊரிலேயே ஸ்பீக்கரின் இடத்தைச் சரிபார்த்துவிடுங்கள்.