ஆலைக் கழிவு, சமூகப் பொறுப்பு, லாபம்: தஞ்சை செலவுக் கணக்காளரிடம் கேள்வி பதில்

திருபுவனத்திலிருந்து: பட்டுச் சாயப்பட்டறை வைத்திருக்கிறோம் சார். கழிவுநீர் சுத்திகரிப்புச் செலவைத் தனியாக எழுதினால் அதுவே சுற்றுச்சூழல் கணக்காகிவிடுமா?

ஆகாது. 100 ரூபாய்ச் சாயத்தில் 20 ரூபாய்க்கானது நூலில் ஏறாமல் தண்ணீரோடு போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 20 ரூபாய், அதைக் கொதிக்கவைத்த விறகு, ஆள்கூலி, அப்புறம் அதையே சுத்தம் செய்யும் மருந்து, கரண்ட் எல்லாம் சேர்ந்ததுதான் கழிவின் விலை. முதல் மூன்றும் மூலப்பொருள், எரிபொருள், கூலி என்ற தலைப்புகளில் கரைந்துவிடுவதால் முதலாளி கண்ணில் படுவதில்லை. இதைப் பிரித்து எழுதும் முறைக்கு ஐஎஸ்ஓ 14051 என்றே ஒரு தரநிலை இருக்கிறது. தொட்டிவாரியாக எவ்வளவு உள்ளே போனது, எவ்வளவு நூலில் ஏறியது என்று ஒரு மாதம் எழுதிப் பாருங்கள்.

மன்னார்குடி: அரிசி ஆலைக் கம்பெனி. சி.எஸ்.ஆர். (கம்பெனிகளின் சமூகப் பொறுப்புச் செலவு) எங்களுக்குக் கட்டாயமா? குளம் தூர்வாரினால் வரி குறையுமா?

முந்தைய நிதியாண்டில் நிகர மதிப்பு (சொத்தில் கடன் போக மிஞ்சுவது) 500 கோடி, விற்றுமுதல் 1000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இதில் ஒன்றை எட்டியிருந்தாலும் கட்டாயம். மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதம். வருமான வரியில் அதைத் தொழில் செலவாகக் கழிக்க விடமாட்டார்கள். குளத்தைத் தாராளமாகத் தூர்வாருங்கள். ஆலையின் சுத்திகரிப்பு நிலையத்தை மட்டும் சி.எஸ்.ஆரில் எழுதாதீர்கள், அது சட்டக் கடமை.

நாகப்பட்டினம்: சுத்திகரிப்பு நிலையத்தை சி.எஸ்.ஆரில் காட்டலாமா?

மேலே பாருங்கள்.

கும்பகோணம், எம்.காம். மாணவர்: சி.எஸ்.ஆர். செலவு கூடினால் லாபம் கூடும் என்று ஆய்வேட்டில் எழுதலாமா?

தம்பி, லாபத்தில் 2 சதவீதம் என்று சட்டமே சொல்லும்போது இரண்டும் சேர்ந்துதான் ஏறும். எது எதைத் தூக்கியது என்று அதிலிருந்து தெரியாது.

கரூர் வாசகர் (குறுக்கிட்டு): ஆற்றைக் கெடுத்துத்தானே சார் லாபமே வந்தது? நொய்யலைப் பாருங்கள்.

சரியான இடத்தில் கை வைத்தீர்கள். திருப்பூர்ச் சாய ஆலைகளை மூடச் சொல்லி 2011இல் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. நொய்யலின் குறுக்கே உள்ள ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே உழவர் நிலத்தில் ஏறிய உப்பு, ஆலைகளின் லாப நட்டக் கணக்கில் தானாக வருவதில்லை.

மாணவர்: அப்படியானால் அபராதத்தைச் சுற்றுச்சூழல் செலவாக எடுக்கலாமா?

அபராதம் என்பது பிடிபட்ட பங்கு மட்டும். நில இழப்பு, கிணறு, குடிநீர் லாரி என்று பாதிப்பிலிருந்து கணக்கைத் தொடங்குங்கள்.

திருவாரூர்: சுத்திகரிப்பு நிலையத்தில் பாதியையாவது சி.எஸ்.ஆரில்…

கால்வாசிகூட முடியாது.