அம்மாவின் 14 சேலைகள்

தையல்கடை அக்கா பதில்கள்

பினாங்கு லெபோ பாசார் பக்கத்தில் 30 வருடம் தையல் கடை வைத்திருந்தேன். ரவிக்கைக்கு அளவு எடுக்க வந்து நிற்கும்போதே, "அக்கா, அண்ணிக்கு என்ன வாங்கிக் கொடுக்கலாம்?" என்று பேச்சை ஆரம்பிப்பவர்கள் உண்டு. தீபாவளி நெருங்குவதால் இந்த முறை வந்த கடிதங்களும் அநேகமாகப் பரிசு பற்றியவைதான். ஐந்தை எடுத்துக்கொண்டேன்.

*என்னோடு வேலை செய்யும் சீன நண்பர் புது வீட்டுக்குக் குடிபோகிறார். அழகான சுவர்க் கடிகாரம் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். கூடவே 101 வெள்ளி (ரிங்கிட்) வைத்துக் கொடுக்கலாமா?*
வாசகர், பாயான் லெப்பாஸ்

தம்பி, கடிகாரம் மட்டும் வேண்டாம். மாண்டரின் மொழியில் 'கடிகாரம் கொடுப்பது' என்று சொல்வதும், 'சாகக் கிடப்பவருக்குக் கடைசிக் கடமை செய்வது' என்று சொல்வதும் காதுக்கு ஒன்றுபோலவே இருக்கும். உன் நண்பர் இதையெல்லாம் பார்க்காதவராக இருக்கலாம். அவர் வீட்டில் பாட்டி இருந்தால் பாட்டி பார்ப்பார். புது வீட்டு வாசலில் அந்த அம்மாவின் முகம் ஏன் சுருங்க வேண்டும்?

பணமும் அப்படித்தான். நாம் மேலே ஒரு வெள்ளி வைத்தால்தான் நிறைவு என்கிறோம். அவர்களுக்கு இரட்டைப்படைதான் மங்கலம். அதிலும் 4 ஆகாது, சொல்லும்போது 'சாவு' என்று ஒலிக்கும். 8 ராசி. 88 வெள்ளியைச் சிவப்பு உறையில் போட்டுக் கொடு. கையில் இரண்டு அன்னாசிப்பழம் எடுத்துப் போ. இங்கே சீனர்கள் பேசும் ஹொக்கியன் மொழியில் அன்னாசிக்கு 'ஓங் லாய்' என்று பெயர், செல்வம் வருகிறது என்றும் அது காதில் விழும். நீ சொல்லாமலே அவர்களுக்குப் புரியும்.

*செந்தூலில் அடுக்குமாடி வீட்டில் தனியாக இருக்கிறேன். எதிர்வீட்டு மலாய் அம்மா நோன்பு மாதம் முழுக்கக் குவே பலகாரமும் புபோர் லம்போக் என்ற நோன்புக் கஞ்சியும் கொடுத்தனுப்பினார். வெறுந்தட்டாகத் திருப்பிக் கொடுக்க மனமில்லை, சமைக்கவும் நேரமில்லை. அவருடைய 3 தட்டுகள் இன்னும் என் அடுப்படியிலேயே இருக்கின்றன. இப்போது அவரைப் பார்த்தாலே கூச்சமாக இருக்கிறது.*
வாசகி, கோலாலம்பூர்

தங்கச்சி, அந்தத் தட்டுகளை இன்றைக்கே கொண்டுபோய்க் கொடு. அவர் தட்டை நினைத்துக் காத்திருக்கவில்லை. அடிக்கடி கண்ணில் பட்ட பெண் ஏன் இப்போது கதவைச் சாத்திக்கொள்கிறாள் என்றுதான் நினைத்துக்கொண்டிருப்பார்.

எங்கள் வீட்டில் பக்கத்து வீட்டுப் பாத்திரம் ஒருநாளும் வெறுமையாகத் திரும்பியதில்லை. ஒன்றும் இல்லாத நாளில் அம்மா ஒரு கை சர்க்கரையாவது போடுவார். சர்க்கரையும் குறைந்திருந்தால் கொல்லைக்குப் போய்க் கறிவேப்பிலை இரண்டு கொத்து ஒடித்துத் தட்டில் வைப்பார். பக்கத்து வீட்டு மலாய் அம்மா, மாக்சிக் என்றுதான் கூப்பிடுவோம், அதைத் தட்டிலிருந்து எடுத்து முதலில் முகர்ந்து பார்ப்பார், பிறகுதான் உள்ளே போவார். மீன் கறிக்கு அவருக்கு அது இல்லாமல் ஆகாது. அந்தப் பக்கத்துச் சீனப் பாட்டியோ, அவர்கள் புத்தாண்டுக்கு நம் தட்டிலேயே இரண்டு ஆரஞ்சு வைத்துத் தருவார். ஒன்றாக ஒருநாளும் தரமாட்டார், ஜோடியாகத்தான் தருவார்.

நாம் சமைத்ததை வாங்கச் சிலர் தயங்கலாம். ஹலால் பற்றிய கவலை அவர்களுக்கு உண்டு, அதில் நாம் வருத்தப்பட ஒன்றுமில்லை. பழத்துக்கு அந்தச் சிக்கல் கிடையாது. ஒரு தட்டில் வாழைப்பழச் சீப்பு, இன்னொன்றில் ஒரு பெரிய கொய்யா, மூன்றாவதில் கறிவேப்பிலை வைத்துக் கதவைத் தட்டு. அப்படியே அந்தக் குவே எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டுப் பத்து நிமிடம் உட்கார்ந்து வா. வயதானவர்களுக்கு அந்தப் பத்து நிமிடம் பெரிய வரவு.

*மாமியாருக்கு 70 வயது நிறைகிறது. பாலிக் புலாவில் பிறந்து வளர்ந்தவர், இப்போது எங்களோடு கிள்ளானில் இருக்கிறார். எதைக் கேட்டாலும் 'எல்லாம் இருக்கு' என்கிறார்.*
வாசகி, கிள்ளான்

பாலிக் புலா என்று நீயே சொல்லிவிட்டாய், ஜாதிக்காய்க்குப் பேர்போன பினாங்கு ஊர். ஜாதிக்காய் வாங்கிக் கொடு. பினாங்கு சௌராஸ்தா பசாரில் சர்க்கரையில் ஊறிய காய், உலர்த்திய காய், இரண்டும் கிடைக்கும். மூட்டு வலிக்குத் தேய்க்க ஜாதிக்காய் எண்ணெயும் உண்டு. முடிந்தால் மரத்தில் பழுத்து வெடித்த பழம் ஒன்றை யாரிடமாவது கேட்டு வாங்கி வா. மஞ்சள் சதை பிளந்து, உள்ளே கறுத்த கொட்டையின் மேல் சிவப்பு வலை போட்டதுபோல ஜாதிபத்திரி தெரியும். அதை அவர் உள்ளங்கையில் வை.

எத்தனை கடை ஏறி இறங்கினாய் என்பதைச் சொல்லாதே. கிடைத்தற்கரிய நெல்லிக்கனியை ஔவைக்குக் கொடுத்த அதியமான், அதன் பலனை மனசுக்குள் அடக்கிக்கொண்டுதான் கொடுத்தான். கொடுத்தவன் என்ற வகையில் எனக்கு அவனைப் பிடித்ததே அதனால்தான்.

*முதல் மாதச் சம்பளத்தில் மகள் எனக்குத் தோல் செருப்பு வாங்கி வந்தாள். விலையைப் பார்த்துவிட்டு, 'கடையிலேயே திருப்பிக் கொடுத்துடு, இருக்கிறதே போதும்' என்று சொல்லிவிட்டேன். அவள் காசு வீணாகக் கூடாதே என்றுதான் சொன்னேன். மூன்று வாரமாகச் சரியாகப் பேசுவதில்லை. லோரி ஓட்டி வளர்த்த பிள்ளை.*
வாசகர், ஆயர் ஈத்தாம்

அண்ணே, உங்கள் கடிதத்தை நான் இரண்டு முறை படித்தேன். இதே தவறை நானும் செய்திருக்கிறேன்.

என் மகனுக்கு அப்போது ஒன்பது வயது. பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுக் காசைச் சேர்த்துவைத்துப் பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் எனக்கு ஒரு தலைக் கிளிப் வாங்கி வந்தான். சிவப்பு பிளாஸ்டிக் ரோஜா வைத்தது. பழைய பத்திரிகைத் தாளில் சுற்றி, ஒட்டுவதற்குப் பசை இல்லாமல் சோற்றுப் பருக்கையை நசுக்கி ஒட்டியிருந்தான். ஒட்டிய இடத்தில் பருக்கை காய்ந்து, தாள் விறைப்பாக இருந்தது. பிரித்ததும் என் வாயில் வந்த முதல் வார்த்தை, "எவ்வளவுடா?" மூணு வெள்ளி என்றான். "ஒரு வெள்ளிக்குத் தருவானே, ஏமாந்துட்டியே" என்றேன்.

அவன் அழவில்லை. தாளை மடித்துக் குப்பையில் போட்டுவிட்டு விளையாடப் போய்விட்டான். இப்போது சிங்கப்பூரில் வேலை, மாதம் தவறாமல் வங்கியில் பணம் போடுகிறான். தங்கமான பிள்ளை. ஆனால் அதற்குப் பிறகு அவன் கையால் எனக்கு ஒரு பொட்டலம் வந்ததில்லை. அந்தக் கிளிப்பை இத்தனை வருடம் ஊசி டப்பாவில் வைத்திருக்கிறேன் என்று போன தீபாவளிக்குத்தான் அவனிடம் எடுத்துக் காட்டினேன். "இன்னும் வெச்சிருக்கியாம்மா?" என்று கையில் வாங்கி, ரோஜாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். இருபது வருடத்துக்கு முன்பே காட்டியிருக்க வேண்டும்.

உங்களுக்கு மூன்று வாரம்தான் ஆகியிருக்கிறது. நாள் முழுக்க லோரியில் பெடலை மிதித்த உங்கள் காலைப் பார்த்துத்தான் அவள் செருப்புக் கடைக்குப் போயிருக்கிறாள். வேறு எதை வேண்டுமானாலும் வாங்கியிருக்கலாமே. செருப்பு வீட்டில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். எடுத்துப் போட்டுக்கொண்டு கடைவரை நடங்கள். குதிகால் வலி குறைந்ததா, வார் எங்கே கடிக்கிறது, இரண்டு நாள் பாருங்கள். அதை அவளிடம் சொல்லுங்கள். மன்னிப்பு என்று பெரிதாகப் பேச வேண்டியதில்லை, "இடது காலில் மட்டும் கொஞ்சம் இறுக்கமா இருக்கும்மா" என்றாலே போதும். விலையைப் பற்றி இனிமேல் ஒரு வார்த்தை வேண்டாம்.

*அம்மா காலமாகி ஒரு வருடம் ஆகிறது. அவருடைய 14 நூல் சேலைகள் என்னிடம் இருக்கின்றன. தீபாவளிக்கு அண்ணன், அக்கா, தங்கை மூவருக்கும் அதில் ஏதாவது செய்து கொடுக்க ஆசை. கத்தரியை எடுத்தால் கை நடுங்குகிறது.*
வாசகி, பட்டர்வொர்த்

கத்தரியே வேண்டாம், கண்ணு.

ஒரு சேலை சுமார் 5.5 மீட்டர் நீளம், 45 அங்குல அகலம். மூன்றாக மடித்தால் ஏறக்குறைய 1.8 மீட்டர் நீளத்தில் ஓர் ஆள் போர்த்திக்கொள்ளும் அளவு வந்துவிடும். மூன்று அடுக்குத் துணி நம் ஊர் வெயிலுக்குத் தாராளம், உள்ளே பஞ்சு வைக்காதே. வங்காளத்துப் பெண்கள் பழைய சேலைகளை அடுக்கித் தைத்துக் காந்தா என்று போர்வை செய்கிறார்கள். தைக்கும் நூலைக்கூடச் சேலைக் கரையிலிருந்தே உருவி எடுத்துக்கொள்வது அவர்கள் வழக்கம்.

முதலில் ஃபால்ஸைப் பிரித்துவிடு, இல்லாவிட்டால் அந்த ஓரம் மட்டும் தடித்து நிற்கும். துவைத்து, லேசாகக் கஞ்சி போட்டு இஸ்திரி செய். இடுப்பில் செருகும் உள்தலைப்புதான் அதிகம் நைந்திருக்கும். அதை முதலில் உள்ளே மடி, அதன்மேல் முந்தானைப் பக்கத்தை மடித்துப் போடு. நைந்தது நடுவில் மறையும், முந்தானை மேலே வரும். ஒரு சாணுக்கு ஒரு வரிசையாகப் பெரிய தையலில் நூலோட்டி அடுக்குகளைப் பிடித்துக்கொள். பிறகு இரண்டு விரல் இடைவெளியில் சின்னச் சின்னதாகக் கையாலேயே நூலோட்டம் போடு. முடிச்சு அடுக்குக்குள் மறைந்துவிட வேண்டும். மெஷினில் சீக்கிரம் முடியும்தான், ஆனால் பழைய நூல் சேலை அந்த இழுவை தாங்காது, தையல் ஓரமாகவே கிழியும். ஒரு போர்வைக்கு ஒரு மாதமாவது ஆகும். மூன்றும் தீபாவளிக்குள் முடியாது. ஒன்றை முடி, மற்றவர்களிடம் பொங்கலுக்கு என்று சொல்.

எந்தச் சேலை யாருக்கு என்று நீயாகப் பிரிக்காதே. மூவரையும் தனித்தனியாகக் கேள்: அம்மாவை நினைத்தால் எந்தச் சேலையில் வருகிறார்? உனக்குத் தெரியாத கதைகள் வரும். பள்ளிக்கூட வாசலில் நின்றது, ஃபெரியில் தூங்கியது என்று அண்ணன் எதையாவது சொல்வார். அந்தச் சேலையைத்தான் அவருக்குத் தைக்க வேண்டும். சொன்னதை ஒரு வரியில் துணித் துண்டில் எழுதி உள்மூலையில் தைத்துவிடு.

ஒரு சேலையை மட்டும் துவைக்காதே. அது உனக்கு. பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்காதே, நம் ஈரத்துக்குப் பூசணம் பூத்துவிடும். பழைய வெள்ளை வேட்டியில் சுற்றி, மாதம் ஒருமுறை நிழலில் காற்றாட விரித்து, மடிப்பை மாற்றி மடித்து வை. ஒரே மடிப்பில் கிடந்தால் அந்தக் கோட்டிலேயே இற்றுப்போகும்.