வாசகர் கேள்வி: குதிரைப் பையில் என்ன இருந்தது?

கேள்வி: 200 வருஷத்துக்கு முன் அமெரிக்கக் காட்டுப்புறங்களில் டாக்டர்கள் குதிரையிலேயே போய் வைத்தியம் பார்த்தார்களாமே? பையில் என்னதான் இருக்கும்? எங்கள் மலையில் பாட்டிமார் சொல்லும் குளிர்காய்ச்சல் அங்கேயும் உண்டா?
- வாசகி, நாகலூர், ஏற்காடு

பதில்: அதே முறைக்காய்ச்சல்தான், அதாவது மலேரியா. அந்தக் காலத்தில் மிசிசிப்பி, மிசௌரி ஆற்றோரங்களில் ஒருநாள் விட்டு ஒருநாள் உதறும். சேணத்தின் இருபுறமும் தொங்கும் தோல் பையில் கண்ணாடிக் குப்பிகள், சின்னத் தராசு, ரத்தம் எடுக்கும் கத்தி, பல் பிடுங்கும் குறடு இருக்கும். குப்பிகளில் முக்கியமானவை மூன்று: வலிக்குச் சாராயத்தில் கரைத்த அபின், பேதியாகக் காலமெல், காய்ச்சலுக்குச் சின்கோனா பட்டைத்தூள்.

வினையே காலமெல்தான். சித்த மருந்தில் பூரம் என்பார்களே, அந்தப் பாதரச உப்பு. அளவு மீறினால் எச்சில் ஒழுகும், ஈறு புண்ணாகும், பல் ஆடும். எச்சில் ஊறுவதை மருந்து 'பிடித்த' அடையாளமாக எடுத்துக்கொண்டு, நிறுத்த வேண்டிய இடத்திலும் தொடர்ந்து கொடுத்தார்கள்.

பட்டை நல்ல மருந்து. ஆனால் தூளாக நிறைய விழுங்க வேண்டும். கசப்பில் பாதி வாந்தியாகிவிடும். 1820-ல் பிரான்சில் பெல்லட்டியேவும் கவாந்துவும் பட்டையிலிருந்து குவினைனைப் பிரித்தார்கள். மிசௌரி மாநிலத்தில் டாக்டர் ஜான் சாப்பிங்டன் 1832 முதல் அதை மாத்திரையாக விற்றார். ஒன்றில் குவினைன் 1 கிரெயின், அதாவது ஏறக்குறைய அரைக் குன்றிமணி எடை. கூடவே அதிமதுரம் முக்கால், வெள்ளைப்போளம் கால் கிரெயின். மற்ற டாக்டர்கள் முதலில் ரத்தம் எடுத்து, பேதி கொடுத்து, காய்ச்சல் விட்ட பிறகே குவினைன் தருவார்கள். காய்ச்சலில் ஏற்கெனவே ரத்தம் சுண்டிய உடம்பு அதற்குள் துவண்டுவிடும். சாப்பிங்டன் அதெல்லாம் வேண்டாம் என்றார். 1844-ல் புத்தகம் போட்டு மாத்திரைக் கலவையையும் வெளியிட்டார். மருந்து விற்பவரிடம் இந்தக் குணம் அபூர்வம்!

கேள்வி: மயக்க மருந்தில்லாமல் ஆபரேஷனா?
- வாசகர், அம்மாப்பேட்டை, சேலம்

பதில்: ஈதர் மயக்கத்தில் ஊரறிய ஆபரேஷன் நடந்ததே 1846-ல்தான். அதற்கு முன் வயிற்றைத் திறக்கத் துணிந்தவர் கென்டக்கி மாநிலம் டான்வில்லில் இருந்த டாக்டர் இஃப்ரைம் மெக்டவல். 1809 டிசம்பரில் ஜேன் டாட் கிராஃபோர்ட் என்ற பெண் சூலகக் கட்டியோடு 60 மைல் குதிரையில் வந்தார். சேலத்திலிருந்து ஏற்காடு ஏறி, இறங்கி, மறுபடி ஏறினால் வரும் தூரம். 25 நிமிடத்தில் எடுத்த கட்டியின் எடை 22½ பவுண்டு. ஐந்தாம் நாள் டாக்டர் போய்ப் பார்த்தால், அந்த அம்மா தன் படுக்கையைத் தானே விரித்துக்கொண்டிருந்தார். 78 வயது வரை இருந்தார்.

கேள்வி: ஃபீஸ்?
- வாசகர், செவ்வாய்ப்பேட்டை

பதில்: மைல் கணக்கில் எழுதி வைப்பார்கள். வருவது சோளம், பன்றித் தொடைக்கறி, விறகு.