பழைய லப்டொப்பும் மாற்று ஓஎஸ்ஸும்: கேள்வி பதில்

வெள்ளவத்தை: அண்ணா, 2014இல் வாங்கிய லப்டொப். ஐ3, 4 ஜிபி ரேம், ஹாட் டிஸ்க். விண்டோஸ் 10 முடிந்துவிட்டதாம். 11 போடலாமா?

பதில்: 10க்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு நின்றுவிட்டது. 11க்கு, இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையாவது வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். உங்களுடையது தேறாது. குறுக்கு வழியில் ஏற்றித் தருவார்கள். 4 ஜிபியில் இழுத்துக்கொண்டு கிடக்கும். ஹாட் டிஸ்கைக் கழற்றி அதைவிட வேகமான எஸ்எஸ்டி போட்டு, லினக்ஸ் மின்ட் என்ற இலவச ஓஎஸ்ஸின் (இயங்குதளத்தின்) இலகுவான எக்ஸ்எஃப்சிஈ பதிப்பை நிறுவுங்கள். அதற்கு முன் படங்களையெல்லாம் வேறு டிஸ்கில் கொப்பி எடுங்கள்.

தெஹிவளை: இன்டெல் ஆட்டம் இசட்3735எஃப் சிப், 2 ஜிபி ரேம். லினக்ஸ் எழுதிய பென் டிரைவ் பூட் மெனுவில் தெரியவே இல்லை. போர்ட் பழுதா?

பதில்: போர்ட்டில் ஒரு பிழையும் இல்லை. அந்தச் சிப் 64 பிட். ஆனால் அதைப் போட்டு வந்த மலிவு மெஷின்களில், மெஷினை எழுப்பும் யூஈஎஃப்ஐ பெரும்பாலும் 32 பிட். அது பென் டிரைவில் பூட்ஐஏ32 என்ற கோப்பைத் தேடும். பல 64 பிட் ஐஎஸ்ஓக்களில் (பென் டிரைவில் எழுதும் நிறுவல் கோப்புகளில்) பூட்எக்ஸ்64 மட்டும்தான் இருக்கும். தேடியது கிடைக்காததால் பென் டிரைவையே கணக்கில் எடுக்காது. டெபியன் என்ற லினக்ஸில், 12ஆம் பதிப்பிலிருந்து 64 பிட் நிறுவியிலேயே இரண்டும் உண்டு, அதை எழுதிப் பாருங்கள். “32 பிட் லினக்ஸ் போடு” என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். டெபியன் 13இல் 32 பிட் நிறுவியே கிடையாது. பயர்பொக்ஸும் 145ஆம் பதிப்போடு 32 பிட் லினக்ஸைக் கைவிட்டுவிட்டது.

நிறுவியபின் ஸ்வாப்பை, அதாவது ரேம் போதாதபோது பாவிக்கும் இடத்தை, இஎம்எம்சி என்ற உள்சேமிப்பில் வைக்காதீர்கள். எழுதி எழுதியே தேய்ந்துபோகும்; போர்டிலேயே ஒட்டியிருப்பதால் கழற்றி மாற்றவும் வழியில்லை. இசட்ரேம் போடுங்கள், ரேமில் கிடப்பதைச் சுருக்கி ரேமிலேயே வைத்துக்கொள்ளும். இவ்வளவு செய்தும் பிரவுசரில் நாலைந்து டேப்புக்கு மேல் தாங்காது. ஓஎஸ்ஸை இளைக்க வைக்கலாம், இன்றைய வலைப்பக்கங்களை நாங்கள் இளைக்க வைக்க முடியாது. படங்களைக் கொப்பி எடுத்தாயிற்றா?

கொட்டாஞ்சேனை: ஐந்தாம் தலைமுறை ஐ5க்கு விண்டோஸ் 11 ஓடுமா?

பதில்: வெள்ளவத்தைக்குச் சொன்னதுதான்.

மருதானை: 2 டிபி பென் டிரைவ் சரியான மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். உள்ளே சில ஜிபிதான் இருக்கும், 2 டிபி என்று பொய்க்கணக்குக் காட்டும். ஏற்கெனவே வாங்கியிருந்தால் லினக்ஸில் எஃப்3 என்ற கருவியால் நிரப்பித் திரும்ப வாசித்துப் பாருங்கள், உண்மை தெரிந்துவிடும்.

பம்பலப்பிட்டி: லினக்ஸ் அலுத்துவிட்டது. ஆட்டம் என்270 நெட்புக், 1 ஜிபி. வேறென்ன போடலாம்?

பதில்: ஹைக்கு! 2001இல் பீ நிறுவனத்தின் சொத்துகளைப் பாம் கம்பனி வாங்கியதும், பீயின் ஓஎஸ்ஸான பீஓஎஸ் அழியக்கூடாது என்று ஆர்வலர்கள் புதிதாக எழுதத் தொடங்கிய ஓஎஸ். உள்ளே இருக்கும் கேர்னலும் (ஓஎஸ்ஸின் மையப்பகுதி) லினக்ஸுடையது இல்லை. 32 பிட் பதிப்பு இன்னமும் வருகிறது. ஒரு பாட்டுக் கோப்பில் பாடகர், ஆண்டு என்று எழுதிவைத்தால், கோப்பு முறைமையே தேடிப் பட்டியல் தரும்.

கல்கிசை: அண்ணா, இது நியாயமில்லை. பிள்ளைகளுக்கு சூம் வகுப்புக்கு மெஷின் தேவை. ஹைக்குவில் சூம் வருமா?

பதில்: வராது. ஆனால் கேட்டவர் வகுப்புக்குக் கேட்கவில்லை, தம்பி. என்270இல் எந்த ஓஎஸ் போட்டாலும் சூம் ஒழுங்காக ஓடப்போவதில்லை. மெஷினுக்கு என்ன வேலை என்று முதலில் முடிவெடுங்கள், ஓஎஸ் பிறகு.

கல்கிசை: ஹைக்கு இத்தனை வருடமாக பீட்டா, சோதனைப் பதிப்புதானே?

பதில்: முதல் அல்பா 2009இல், ஐந்தாவது பீட்டா 2024இல். மெதுவான வேலைதான். பெரிய கம்பனி எதுவும் பின்னால் இல்லாமல் ஆட்கள் சேர்ந்து ஒரு முழு ஓஎஸ்ஸைத் தாங்கிப் பிடிக்கிறார்கள். அதை விளையாட்டுச் சாமான் என்று ஒதுக்க எனக்கு மனம் வராது. வங்கிக் கணக்கை அதில் திறக்கச் சொல்லி நானும் சொல்லவில்லை.

வத்தளை: டிஸ்ப்ளேயில் கோடு விழுகிறது. விண்டோஸ் 11 போட்டால் சரியாகுமா?

பதில்: ஆகாது. திருத்துபவரிடம் காட்டுங்கள். 11க்கு முதல் பதிலை வாசியுங்கள். கொடுக்கும் முன் படங்களைக் கொப்பி எடுங்கள்.

கொள்ளுப்பிட்டி: லினக்ஸில் பாமினி ஃபொன்ட்டில் அடிக்கலாமா?

பதில்: ஃபொன்ட்டைப் போட்டால் பழைய கோப்புகளை வாசிக்கலாம். புதிதாக எழுதுவதை யுனிகோடில் எழுதுங்கள். பாமினியில் அடித்தது ஃபோனில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் வரும். ஐபஸ், எம்17என் என்ற தட்டச்சுக் கருவிகள் இரண்டையும் நிறுவினால் ரெங்கநாதன் என்ற தமிழ் விசைப்பலகை பட்டியலில் வந்துவிடும்.