தாத்தா தொடாத கரண்ட் கம்பம்

அன்புள்ள ஐயா,

குன்னூரில் ஸ்டூடியோ வைத்திருந்த என் தாத்தாவின் நெகட்டிவ்களை ஸ்கேன் செய்து கண்காட்சி வைக்கப்போகிறோம். பலவற்றில் பூஞ்சை. அவர் தன் ஆசைக்கு எடுத்த தேயிலைத் தோட்டப் படம் ஒன்றில், கொழுந்து பறிக்கும் பெண்களுக்குப் பின்னால் கரண்ட் கம்பம் துருத்திக்கொண்டு நிற்கிறது. அதை நெகட்டிவிலேயே அழித்துத் தருகிறேன் என்கிறார் ஒருவர். தாத்தாவே டச்சிங்கில், அதாவது நெகட்டிவைப் பென்சிலால் திருத்துவதில், கைதேர்ந்தவர். நாங்கள் செய்தால் தப்பா?

ம., குன்னூர்

அன்புள்ள ம.,

நெகட்டிவில் யாரையும் கைவைக்க விடாதீர்கள். ஸ்கேனில் பூஞ்சை, தூசி, கீறல் எல்லாவற்றையும் தாராளமாக எடுங்கள். அவை பிறகு வந்து ஒட்டியவை. கம்பம் அப்படியல்ல. அவர் பார்த்துத்தான் எடுத்தார்.

முகப்பட நெகட்டிவ் ஒன்றை எடுத்து, பளபளப்பில்லாத பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். கண்ணுக்குக் கீழே பொடிப்பொடியாகப் பென்சில் கோடுகள் மினுங்கும். சுருக்கம் நெகட்டிவில் வெளிறித் தெரியும். அதைப் பென்சிலால் நிரப்பினால் பிரிண்டில் மறைந்துவிடும். பூஞ்சைக்கென்று ஏதாவது திரவம் போட்டுத் துடைத்தால் தாத்தாவின் இந்தக் கைவேலையும் சேர்ந்து போய்விடும். தண்ணீர் படவே கூடாது. படத்தைத் தாங்கும் ஜெலட்டின் படலம் பூஞ்சை அரித்திருந்தால் கரைந்து படமே வழிந்துவிடலாம்.

சரி, இவ்வளவு தெரிந்தவர் கம்பத்தை ஏன் விட்டுவைத்தார்? முகங்களைத் திருத்தியது வாடிக்கையாளருக்காக. இது அவருடைய சொந்தப் படம். பென்சிலும் கையில் இருந்தது, காலமும் இருந்தது. தொடவில்லை. அதை அவருடைய முடிவாகத்தான் நான் எடுத்துக்கொள்வேன். பைக்காராவில் 1930-களிலேயே மின்சாரம் தயாரானது. அந்தக் கம்பி ஃபேக்டரிக்குப் போகிறதா, தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்கா? அந்தப் பெண்களின் வீட்டில் எப்போது விளக்கு எரிந்தது? தோட்டத்துப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். எனக்கு அந்தப் படத்தில் முக்கியமானதே கம்பம்தான் என்று படுகிறது.

அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆன்செல் ஆடம்ஸ் 1944-ல் லோன் பைன் என்ற ஊரில் எடுத்த படத்தில், பள்ளி மாணவர்கள் மலைச்சரிவில் வெள்ளையாக அமைத்திருந்த பெரிய எழுத்துகளை நெகட்டிவில் முடிந்தவரை அழித்தார். அதைக் குறைசொன்னவர்களும் உண்டு. ஆனால் செய்தவர் அவரே, வெளிப்படையாக எழுதியும் வைத்தார். நீங்கள் அழித்தால் அது தாத்தாவின் பெயரில் போகும். அவரால் ஆமென்றும் சொல்ல முடியாது, இல்லையென்றும் சொல்ல முடியாது.

நம் காப்புரிமை (காப்பிரைட்) சட்டத்தின் 57-ஆம் பிரிவு, படைப்பாளியின் பெயர் கெடும்படி படைப்பைத் திரித்தால் தட்டிக்கேட்கும் உரிமையை அவருக்குப் பின் வாரிசுக்குத் தருகிறது. அவருக்காகப் பேச வேண்டியவர்களே நீங்கள்தான்.

ஸ்கேனில் சுத்தம் செய்த படங்களின் கீழே அதை ஒரு வரி போடுங்கள். அப்புறம், ஐப்பசி மழைக்கு முன்னால் நெகட்டிவ்களை நல்ல காகித உறைகளுக்கு மாற்றி, சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். கண்காட்சித் தேதியைச் சொல்லுங்கள், கட்டாயம் வருகிறேன்.