விடுமுறைக் காலத்தில் ஊட்டியில் பழையபடி கூட்டம் வந்துவிட்டதாமே, மே மாதம் குடும்பத்தோடு எப்படிப் போய்வருவது?

வந்துவிட்டது. அந்த வேகத்துக்கு மலைப்பாதைதான் ஈடுகொடுக்கவில்லை. கொரோனாவால் 2020, 2021 இரண்டு வருடமும் மலர்க் கண்காட்சி நடக்கவில்லை. 2022 மே மாதம் 124-வது கண்காட்சி நடந்ததிலிருந்து ஏறுமுகம்தான். கடைசியில் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் வெளி வண்டிகளுக்கு இ-பாஸ் (ஆன்லைனில் எடுக்கும் அனுமதிச் சீட்டு) கட்டாயமானது. 2025 ஏப்ரலில் ஒரு நாளைக்கு இத்தனை வண்டிதான் என்று உச்சவரம்பும் வந்தது: வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000. வியாபாரிகளுக்கு இதில் வருத்தம் உண்டு, நியாயமும் உண்டு. ஆனால் நகரம் தாங்கும் அளவு என்று ஒன்று இருக்கிறதே.

இந்த எண்ணிக்கை வருடத்துக்கு வருடம் மாறலாம் என்பதால், ரூமுக்கு முழுப் பணம் கட்டுவதற்கு முன் அந்த மாத உத்தரவையும் பாஸ் கிடைக்கிறதா என்பதையும் பாருங்கள். பாஸ் எடுக்கும்போது வண்டி எண், ஆட்கள் எண்ணிக்கை, வரும் நாள், தங்கும் இடம் எல்லாம் கேட்கும். வாடகைக் காரில்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள்: டிராவல்ஸ்காரர் கடைசி நேரத்தில் வேறு வண்டி அனுப்புவார், பாஸில் பழைய எண் இருக்கும், கல்லாறு செக்போஸ்ட்டில் நிற்க வேண்டியதுதான். முந்தின இரவே வண்டி எண்ணை உறுதிசெய்து, கியூஆர் கோடை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அரசுப் பேருந்தில் போனால் இந்தத் தொல்லையே இல்லை.

சீசனில் போலீசார் வழக்கமாக ஒருவழிப்பாதை ஆக்குவார்கள்: ஏற குன்னூர் வழி, இறங்க கோத்தகிரி வழி. அதனால் குன்னூரில் இருக்கும் சிம்ஸ் பார்க்கை திரும்பும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள், ஏறும் நாளிலேயே முடித்துவிடுங்கள். காலை 6 மணிக்குள் மேட்டுப்பாளையம் தாண்டிவிட்டால் பாதி நெரிசல் குறையும். செவ்வாய், புதன் கிழமைகளில் ஏறுவது இன்னும் நல்லது.

சமவெளியில் ஓட்டிப் பழகியவர்கள் இறங்கும்போதுதான் தவறுவார்கள். நியூட்ரலில் விடவே கூடாது. இரண்டாவது கியர், செங்குத்தான வளைவில் முதல் கியர். வேகத்தை இன்ஜின் பிடிக்கட்டும். பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் முதலில் கருகல் வாடை வரும், பிறகு பெடல் மெத்தென்று உள்ளே போகும். அப்போதே ஓரம் கட்டி, அரை மணி நேரம் ஆறவிடுங்கள். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றினால் அது கோணிக்கொள்ளும். ஏறும் வண்டிக்குத்தான் முதல் வழி, ஒதுங்கி நில்லுங்கள்.

ஊட்டிக்குள் சேரிங் கிராஸ் சந்திப்புதான் அடைப்பு. தங்கும் இடத்திலேயே காரை விட்டுவிட்டு, சீசனில் ஓடும் சுற்றுப் பேருந்தைப் பிடியுங்கள். தாவரவியல் பூங்காவுக்கு சேரிங் கிராஸிலிருந்து நடந்தே போய்விடலாம்.

மலை ரயில் காலை 7.10-க்கு மேட்டுப்பாளையத்தில் கிளம்புகிறது. சென்னையிலிருந்து நீலகிரி எக்ஸ்பிரஸில் வந்தால் சரியாக இருக்கும். முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும், மே மாத டிக்கெட் உடனே தீர்ந்துவிடும். கிடைக்காவிட்டால் குன்னூர்–ஊட்டி ரயிலை முயலுங்கள். செங்குத்தில் பல்சக்கரத்தால் தண்டவாளத்தைப் பிடித்து ஏறும் பகுதி அதில் வராது. ஆனால் கேத்தி, லவ்டேல் வழியாகப் போகும் அந்த 19 கிலோமீட்டரே குழந்தைகளுக்குப் போதும்.

பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலை செக்போஸ்ட்டிலேயே வாங்கிவிடுவார்கள், ஆளுக்கொரு எவர்சில்வர் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள்.