‘டேட்டா போனால் கடை பொறுப்பல்ல’ என்று பில்லில் அச்சடித்தால் போதுமா?

கேள்வி: புதுச்சேரியில் ஒரு சர்வீஸ் கடையில் ஆறு வருடம் டேட்டா ரெக்கவரி வேலை (பழுதான டிஸ்க், போன்களிலிருந்து தகவலை மீட்பது) பார்த்தேன். இப்போது சொந்த ஊரான கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் தனியாகக் கடை போட அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். வேலையில் சேரும்போது, ‘விலகிய பிறகு 2 ஆண்டுகளுக்கு 100 கிலோமீட்டர் சுற்றளவில் இதே தொழில் செய்யமாட்டேன்’ என்று பத்திரத்தில் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். அதைக் காட்டி முதலாளி வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். நான் கடை திறக்கலாமா? இதற்கென்று லைசென்ஸ் வேண்டுமா? ‘டேட்டா போனால் கடை பொறுப்பல்ல’ என்று பில்லில் அச்சடித்துவிட்டால் பிரச்சினை வராது என்கிறார்கள் நண்பர்கள். சரிதானா?

பதில்: கடையைத் திறங்கள். ஒருவர் சட்டப்படியான தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது என்கிறது, 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு. சம்பளம் வாங்கும் காலத்தில் போட்டித் தொழில் செய்யக்கூடாது என்று கட்டுப்படுத்தலாம். விலகிய பிறகும் அதை நீட்டிக்க நீதிமன்றங்கள் விடுவதில்லை. முத்திரைத்தாளில் எழுதிவிட்டால் செல்லாதது செல்லுபடியாகிவிடும் என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு. முதலாளிகள் அதை வைத்துத்தான் பயமுறுத்துகிறார்கள். ஆனாலும் நோட்டீசுக்குப் பதில் அனுப்பாமல் இருக்காதீர்கள்.

முதலாளிக்கு உண்மையிலேயே பிடி கிடைப்பது வேறு இடத்தில். வாடிக்கையாளர் பட்டியலையோ, ஃபர்ம்வேர் (டிஸ்க்கை இயக்கும் உள்மென்பொருள்) கோப்புகளையோ அந்தக் கடையிலிருந்து பென் டிரைவில் கொண்டுவந்திருந்தால் வழக்குக்கு நீங்களே சரக்கு கொடுத்தவர் ஆவீர்கள். ரெக்கவரி மென்பொருளைத் திறக்கும் யுஎஸ்பி சாவியான டாங்கிளின் விலை அதிகம் என்று, பூட்டு உடைத்த கிராக் பதிப்பில் தொழிலைத் தொடங்கவும் வேண்டாம். திருட்டு நகல் என்று தெரிந்தே பயன்படுத்தினால், பதிப்புரிமைச் சட்டம் 63பி பிரிவின்படி 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதமும் உண்டு. நீங்கள் எதை வைத்து வேலை செய்கிறீர்கள் என்று நன்றாகத் தெரிந்தவர் உங்கள் பழைய முதலாளிதான், மறக்காதீர்கள்.

லைசென்ஸ் விஷயம் சின்னது. டேட்டா ரெக்கவரிக்கென்று தனி லைசென்ஸ் கிடையாது. மாநகராட்சியில் தொழில் உரிமம் எடுங்கள், சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவை இணையத்தில் இலவசமாகச் செய்யுங்கள். சேவை வருமானம் ஆண்டுக்கு 20 லட்சத்தைத் தாண்டும்வரை ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. புதுச்சேரி மாநிலத்தின் பாகூரிலிருந்தும் வில்லியனூரிலிருந்தும் வேலை வந்தாலும் சேவைக்கு இதே வரம்புதான். புது ஹார்டு டிஸ்க்கைப் புதுச்சேரிக்கு அனுப்பி விற்கப் போகிறீர்கள் என்றால் அது சரக்கு, மாநிலம் தாண்டுகிறது. அப்போது இந்த வரம்பு உதவாது, முன்கூட்டியே ஆடிட்டரைக் கேளுங்கள்.

சரி, அந்தப் பில் வாசகத்துக்கு வருவோம். உங்கள் தொழிலின் ஆபத்து முழுக்க அங்கேதான் இருக்கிறது.

1960-களில் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு ஒரு லாண்டரி வழக்கு போனது. சலவைக்குப் போட்ட புதுப்புடவை தொலைந்துவிட்டது. ரசீதில் ‘தொலைந்தால் சந்தை மதிப்பில் 15 சதவீதம் மட்டுமே தரப்படும்’ என்று அச்சடித்திருந்தார்கள். இப்படிப்பட்ட நிபந்தனையை அனுமதித்தால் கடைக்காரர் தன் அலட்சியத்துக்குத் தானே பரிசு கொடுத்துக்கொள்ளலாம் என்ற ரீதியில், பொதுநலனுக்கு விரோதம் என்று நீதிமன்றம் அதைத் தள்ளியது. மறுபக்கம், 1996-இல் ஒரு கூரியர் வழக்கில், பொறுப்புக்கு உச்சவரம்பு வைத்த நிபந்தனையில் வாடிக்கையாளர் கையெழுத்துப் போட்டிருந்ததால் உச்ச நீதிமன்றம் அவரைக் கட்டுப்படுத்தியது. ஆகவே, பில்லின் அடியில் எறும்பு எழுத்தில் போட்ட வாசகம் உங்களைக் காப்பாற்றாது. வேலை தொடங்கும் முன் படித்துக் காட்டி, கையெழுத்து வாங்கிய ஜாப் ஷீட் (வேலை விவரத் தாள்) பெரும்பாலும் காப்பாற்றும். அதுவும் உங்கள் கவனக்குறைவை மன்னிக்காது. அடுத்தவர் பொருளை வாங்கி வைத்திருப்பவர், சாதாரண விவேகமுள்ள ஒருவர் தன் சொந்தப் பொருளைப் பார்த்துக்கொள்ளும் அளவுக்கு அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது ஒப்பந்தச் சட்டம் 151-ஆவது பிரிவு.

ஜாப் ஷீட் என்றால் பெயர், போன் நம்பர், ‘எச்டிடி 1டிபி’ என்று கிறுக்குவது அல்ல. ஒரு ஸ்டூடியோக்காரர் கல்யாண வீடியோ இருந்த டிஸ்க்கோடு வருகிறார், போட்டால் டக் டக் என்று சத்தம் கேட்கிறது. சீரியல் எண்ணை எழுதுங்கள். மேல்மூடியின் திருகுகளை அவர் முன்னாலேயே போட்டோ எடுங்கள். திருகுத் தலை தேய்ந்திருந்தால் வேறு யாரோ ஏற்கெனவே திறந்து பார்த்திருக்கிறார்கள், அதையும் எழுதுங்கள். ஃபெஞ்சல் வெள்ளத்தில் நனைந்தது என்றால் அதுவும் வரவேண்டும். டேட்டாவைப் படிக்கும் முனையான ஹெட்டை மாற்ற டிஸ்க்கைத் திறக்க வேண்டியிருக்கும், டேட்டா பதிந்த தட்டான பிளாட்டரில் கீறல் இருந்தால் மிச்சமிருப்பதும் போகலாம் என்பதைத் தமிழில் எழுதி, அதன் கீழே தனியாகக் கையெழுத்து வாங்குங்கள். உதிரி பாகம் எடுக்க வாங்கும் டோனர் டிஸ்க்கின் விலை யார் தலையில், டேட்டா கிடைக்காவிட்டால் கட்டணம் உண்டா, எடுத்த நகலை எத்தனை நாளில் அழிப்பீர்கள் என்பதும் அதே தாளில் இருக்கட்டும். ஸ்டூடியோ வைத்திருப்பவர் வியாபாரிதானே, நுகர்வோர் ஆகமாட்டார் என்று நினைக்காதீர்கள். சுயதொழிலில் பிழைப்பு நடத்துபவரும் நுகர்வோர்தான். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி அவர் தான் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். புதுச்சேரிக்காரர் என்றால் நீங்கள்தான் ஒவ்வொரு வாய்தாவுக்கும் பஸ் ஏற வேண்டும்.

டேட்டாவை எடுத்துக் கொடுத்தும் காசு தராவிட்டால்? டிஸ்க்கைப் பிடித்து வைத்துக்கொள்ளும் உரிமை ஒப்பந்தச் சட்டம் 170-ஆவது பிரிவில் இருக்கிறது. பேசியபடி வேலை முடிந்திருக்க வேண்டும், வேறு பாக்கிக்காகப் பிடிக்கக்கூடாது. வைத்திருக்கலாம், அவ்வளவுதான். விற்கவோ அழிக்கவோ அந்தப் பிரிவு அனுமதிக்கவில்லை.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. கடை திறந்த கொஞ்ச நாளிலேயே யாராவது ஒரு போனோடு வருவார்கள். ‘எங்க வீட்டுக்காரரோடது, அழிச்ச வாட்ஸ்அப் மெசேஜை எடுத்துக் கொடுங்க’ என்பார்கள். கணவரும் மனைவியின் போனோடு வருவார். தொடாதீர்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 43-ஆவது பிரிவு, உரிமையாளர் அனுமதியில்லாமல் உள்ளே நுழைபவரை மட்டுமல்ல, நுழைய உதவி செய்பவரையும் சேர்த்தே சொல்கிறது. அது நஷ்டஈடு கேட்பதற்கான பிரிவு. நேர்மையற்ற நோக்கமும் சேர்ந்தால் 66-ஆவது பிரிவில் 3 ஆண்டு வரை சிறை. கணவன், மனைவி ரகசியமாகப் பதிந்த பேச்சை விவாகரத்து வழக்கில் சாட்சியமாக எடுக்கலாம் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னதைக் காட்டி உங்களைச் சம்மதிக்க வைக்கப் பார்ப்பார்கள். அது அவர்களுடைய வழக்கில் எதை சாட்சியமாக ஏற்பது என்பதைப் பற்றியது. உங்கள் கடை மேசையில் நடந்ததற்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். இறந்தவரின் போன் என்றால் வாரிசுச் சான்றிதழ் நகலும், கொண்டுவருபவரின் அடையாள அட்டை நகலும் வாங்கி வையுங்கள்.

வேலைக்குப் பையன் வைத்தால், வாடிக்கையாளர் படங்களை அவன் போனில் ஏற்றிக்கொள்ள முடியாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தப்படி செய்யும் வேலையில் கைக்கு வந்த தனிப்பட்ட தகவலை, ஆதாயத்துக்காகவோ கெடுதல் வரும் என்று தெரிந்தோ வெளியே விட்டால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 72ஏ பிரிவில் 3 ஆண்டு வரை சிறை.

வேலை செய்யும்போது குழந்தைகளின் ஆபாசப் படம் கண்ணில் பட்டால், நகல் எடுக்காமல், வாடிக்கையாளரிடம் பேரம் பேசாமல், போலீசுக்குத் தகவல் கொடுத்தாக வேண்டும். போக்சோ 19-ஆவது பிரிவு அதைக் கட்டாயமாக்குகிறது. சொல்லாமல் விட்டால் 21-இன் கீழ் 6 மாதம் வரை சிறை. ‘பார்த்தேன், அழித்துவிட்டேன்’ என்ற பதில் இங்கே எடுபடாது.

போலீசே ஒரு டிஸ்க்கையோ உங்கள் ரெக்கார்டையோ கேட்டு வந்தால் எழுத்துமூலமான நோட்டீசைக் கேளுங்கள். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அது 94-ஆவது பிரிவு. கொடுத்ததற்கு ஒப்புகை வாங்குங்கள். நீங்கள் மீட்ட கோப்பு நீதிமன்றத்துக்குப் போவதாக இருந்தால், 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆவது பிரிவுச் சான்றிதழில் ஹாஷ் மதிப்பு (கோப்பு மாறவில்லை என்று காட்டும் கணக்கிட்ட எண்) கேட்பார்கள். டிஸ்க்கின் முழு நகலான இமேஜ் எடுக்கும்போதே அதைக் குறித்து ஜாப் ஷீட்டோடு பின் செய்து வையுங்கள்.

நோட்டீசின் நகலையும், நீங்கள் கையெழுத்திட்ட பத்திரத்தையும், கடைசி மாதச் சம்பளச் சீட்டையும் எடுத்துக்கொண்டு உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரைப் பாருங்கள். பதில் போகும்வரை பழைய கடையின் வாடிக்கையாளர்கள் யாருக்கும் நீங்களாகப் போன் செய்யவேண்டாம்.